நொய்யல் வெள்ளம், சாயக்கழிவு: எந்தக் கட்டுரையை நம்பி எழுதுவது?

தங்கை மகளுக்குக் கல்லூரியில் நொய்யல் ஆற்றைப் பற்றி ஆய்வறிக்கை. "ஏனுங் மாமா, ஒண்ணுல தண்ணி மோசங்குது, இன்னொண்ணுல பரவால்லைங்குது, எதைங்க எழுதறது?" என்று கேட்டாள். இரண்டு வாரம் கூடவே உட்கார்ந்து கண்டுபிடித்த வழி இது.

1. தேடும்போது பழைய பெயரையும் போடுங்கள். திருப்பூர் தனி மாவட்டமானது 2009இல்தான். அதற்கு முந்தைய ஆய்வுகள் கோவை, ஈரோடு மாவட்டப் பெயர்களில் கிடக்கின்றன.

2. எண்ணை எடுக்கும் முன் நாள், இடம், அலகு மூன்றையும் குறியுங்கள். எனக்குக் கணினி அட்டவணையைவிடக் கோடு போட்ட நாற்பது பக்க நோட்டுதான் வசதி. இடம் முக்கியம்: ஆறு பிறக்கும் வெள்ளியங்கிரி அடிவாரத்துத் தண்ணீரும், திருப்பூரைத் தாண்டிக் கீழே இருக்கும் ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரும் ஒன்றல்ல. வருடமும் முக்கியம். ஆற்றில் கழிவை விட்ட திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2011 ஜனவரியில். அதற்கு முன் எடுத்த அளவை இன்றைய நிலை என்று எழுதக் கூடாது.

அலகில் நானே தவறினேன். 3,200 என்று ஒரு கட்டுரையில் இருந்ததை லிட்டருக்கு மில்லிகிராம் என்று எழுதிவிட்டேன். அது மின்கடத்துதிறன், மைக்ரோசீமென்ஸ் கணக்கு. சுமாராக 0.64ஆல் பெருக்கினால்தான் கரைந்த உப்பின் அளவு வரும், அதாவது 2,050 போல.

3. மாதிரி எடுத்தது வெள்ளத்துக்கு முன்பா, பின்பா? நாங்கள் அதிக நேரம் செலவழித்தது இங்கேதான். முதல் மழைக்குப் பாலத்தடியில் வெள்ளை நுரை பொங்கி வரும், பார்த்திருப்பீர்கள். தேங்கிக் கிடந்ததெல்லாம் அடித்துக்கொண்டு வரும் நேரம் அது. இரண்டு நாள் வெள்ளம் போனபின் அதே இடத்தில் மொண்டு பார்த்தால் அளவு இறங்கியிருக்கும். ஆறு சுத்தமாகிவிட்டதா?

ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். வினாடிக்கு 1,000 லிட்டர் ஓடும்போது லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் உப்பு என்று வையுங்கள்: வினாடிக்கு 3 கிலோ. வெள்ளத்தில் 20,000 லிட்டர் ஓடி, உப்பு 500ஆகக் குறைந்தாலும் வினாடிக்கு 10 கிலோ. அளவு ஆறில் ஒன்றானது, கீழே போன உப்போ மூன்று மடங்குக்கு மேல். அதனால் நீரோட்ட அளவைச் சொல்லாமல் "வெள்ளத்தால் மாசு குறைந்தது" என்று முடிக்கும் கட்டுரையை ஓரமாக வைத்துவிடுங்கள்.

4. எந்த வரம்போடு ஒப்பிடுகிறார்கள்? கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்பது ஆற்றில் விடும் கழிவுநீருக்கான வரம்பு. குடிநீருக்கு 500, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000. கழிவுநீர் வரம்புக்குள் இருப்பதால் குடிக்கலாம் என்றாகாது.

5. தோட்டத்துக்காரர்களிடம் கேளுங்கள். ஆய்வறிக்கையில் இதைச் சேர்க்கக் கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. "கிணத்துல உப்பு ஏறி, எளநியே கரிச்சுதுங்க" என்றார் ஒரு பெரியவர். அதுவும் சான்றுதான். எந்த வருடம், கிணறு ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை அடி ஆழம் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: பவானி வெள்ளத்தைப் பற்றி எழுதும் ஒருவர், கன அடியையும் டி.எம்.சி.யையும் எப்படி ஒப்பிடுவது என்று கேட்டிருந்தார். வினாடிக்கு எத்தனை கன அடி என்பது ஓடும் வேகக் கணக்கு, டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) மொத்தக் கொள்ளளவு. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. செய்தியில் "20,000 கன அடி திறப்பு" என்று இருந்தால், எத்தனை மணி நேரம் என்று தேடிப் பார்த்துவிட்டுப் பெருக்குங்கள்.