பழைய காத்தாடி வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஆரல்வாய்மொழிப் பக்கம் மின்சாரம் எடுக்கும் காத்தாடி (காற்றாலை), பழைய 250 கிலோவாட் ஒன்றை வாங்கியிருக்கும் தம்பி போன வாரம் போனில், "அண்ணே, காத்து சீசன் முடியட்டும், கியர்பாக்ஸை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். நானும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னேன். கியர்பாக்ஸ் என்பது இறக்கையின் மெதுவான சுற்றை ஜெனரேட்டருக்கு வேண்டிய வேகத்துக்குக் கூட்டும் பற்சக்கரப் பெட்டி. பெல்ட் மாட்டாமல் டவரில் ஏறாதே என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள், அதை விடுங்கள்.

சராசரி வேகத்தை நம்பி விலை பேசுவது

காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலிருக்கும் சக்தி 8 மடங்கு. அதனால் ஆனி, ஆடியில் வெளுத்து வாங்கும் இடமும் வருஷம் முழுக்க மந்தமாக வீசும் இடமும் ஒரே சராசரி காட்டினாலும் ஒரே யூனிட் தராது. மாதவாரி யூனிட் கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.

கியர்பாக்ஸைத் தள்ளிப்போடுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒரு மார்ச்சில் ஆயில் மாற்றும்போது, ஆயிலில் கலந்த இரும்புத் துகளைப் பிடிக்கும் காந்த பிளக்கைக் கழற்றி வந்து காட்டினார்கள். வழக்கமாக அதில் சாம்பல் நிறப் பசைதான் ஒட்டியிருக்கும். அன்று செதில் செதிலாக, ஜிகினா மாதிரி மின்னியது. பேரிங் உரிய ஆரம்பித்துவிட்டது. டவர் உச்சியிலிருந்து பெட்டியை இறக்கும் கிரேன் வாடகையை நினைத்து, "இந்த சீசன் ஓடட்டும்" என்றேன்.

ஜூன் மூன்றாவது வாரம் பெட்டி இறுகி நின்றுவிட்டது. சரி, இப்போதாவது இறக்கலாம் என்றால், அந்தக் காற்றில் டன் கணக்கில் எடையுள்ள பெட்டியைத் தொங்கவிட கிரேன்காரர் ஒப்பவில்லை, அவர் சொன்னதும் நியாயம்தான். எந்தக் காற்றுக்காகக் காத்தாடி வாங்கினேனோ அதே காற்று ரிப்பேர் பார்க்க விடவில்லை. பக்கத்துக் காத்தாடிகள் நல்ல நாளில் நாலாயிரம், ஐயாயிரம் யூனிட் போட்டுக்கொண்டிருக்க, என்னுடையது செப்டம்பர் கடைசி வரை சும்மா நின்றது. அதற்குள் உடைந்த துண்டுகள் பற்களையெல்லாம் கடித்திருந்ததால், பேரிங்கோடு போயிருக்க வேண்டியது முழுப் பெட்டிச் செலவாயிற்று. மிச்சம் பிடிக்க நினைத்த கிரேன் வாடகையும் தனியாகக் கொடுத்தேன்.

பிப்ரவரி, மார்ச்சில் காற்று படுத்திருக்கும்போதே பிளக்கைப் பாருங்கள், ஆயிலை லேபுக்கு அனுப்புங்கள், மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பற்களைப் பாருங்கள். செதில் தெரிந்தால் அன்றே கிரேனுக்குச் சொல்லிவிடுங்கள்.

கெப்பாசிட்டர் பேனலை மறப்பது

பழைய இண்டக்‌ஷன் ஜெனரேட்டர், தன் காந்தப்புலத்துக்கு வேண்டிய ரியாக்டிவ் பவரைக் கெப்பாசிட்டர் கொடுக்காவிட்டால், கிரிடிலிருந்து (மின்வாரிய லைனிலிருந்து) இழுக்கும். அதற்கும் பில் வரும்.

எர்த்திங்

மின்னலை மண்ணில் இறக்கும் எர்த்தின் ரெசிஸ்டன்ஸை ஐப்பசி இடிக்கு முன்னால் அளந்துவிடுங்கள்.

தம்பியிடம் பிளக்கைக் கழற்றிப் போட்டோ அனுப்பச் சொன்னேன். இன்னும் வரவில்லை.