நாலு பேர் எழுதும் நிரலுக்கு ஒரே வடிவம்: பைத்தான் திட்டத்தில் பிளாக் அமைப்பது எப்படி

பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி என்று வெவ்வேறு ஊர்களில் இருந்துகொண்டு நாங்கள் நாலு பேர் சேர்ந்து எழுதும் நிரல் இது. விசைப்படகு கரைக்கு வந்ததும், மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ், பலசரக்குச் செலவைக் கழித்து, மீதியைப் பங்கு பிரித்துக் காட்டும்.

ஒருமுறை எங்களில் ஒருவர் சின்னத் திருத்தம் ஒன்று அனுப்பினார். அவருடைய எடிட்டர் ஸ்பேஸையெல்லாம் டேப் ஆக்கி, வரி முடிவுக் குறியையும் விண்டோஸ் முறைக்கு மாற்றிவிட்டிருந்தது. பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் டிஃப்பைத் திறந்தால் கோப்பு முழுக்கச் சிவப்பும் பச்சையும். அதை யாரால் படிக்க முடியும்? அப்படியே மெர்ஜ் செய்து, முதன்மை நிரலோடு சேர்த்துவிட்டோம்.

அந்தப் பச்சைக்குள் ஒரு வரி இடம் மாறியிருந்தது. ஐஸ் செலவைக் கழிக்கும் வரி ஒரு டேப் உள்ளே தள்ளி, ஒவ்வொரு மீன் வகைக்கும் ஒருமுறை ஓடும் ஃபார் லூப்புக்குள் விழுந்திருந்தது. பைத்தானில் உள்தள்ளல் மாறினால் கணக்கே மாறும். நண்டு, கணவாய், இறால் என்று மூன்று வகை விற்ற அன்று ஐஸ் காசு மூன்று தடவை கழிந்தது. "ஏன் தம்பி, ஐஸ் ஒரு தடவைதானே ஏத்துனோம்?" என்று படகில் போன மாமா ஒருவர் கேட்டபிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. உழைத்தவர்களின் பங்கு குறைந்துபோன விஷயம் இது.

நிரலின் வடிவத்தைத் தானே ஒழுங்குபடுத்தும் கருவிதான் ஃபார்மேட்டர்; பைத்தானுக்கான அப்படி ஒன்றுதான் பிளாக். அது இந்தத் தவறைத் தானாகத் திருத்தாது. ஆனால் எல்லாரும் ஒரே வடிவத்தில் எழுதினால், மாறிய அந்த ஒரு வரி மட்டும் டிஃப்பில் தனியாக நிற்கும். பார்க்கிறவர் கண்ணில் படும்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்; புள்ளி, கோடு, இடைவெளி எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

முதலில் கருவி:

பிப் இன்ஸ்டால் பிளாக்

உள்தள்ளலுக்கு 4 ஸ்பேஸ், ஒரு வரிக்கு 88 எழுத்து, இரட்டை மேற்கோள் என்று பிளாக் தானே முடிவு செய்துவிடும். இதற்கு மேல் விவாதம் வேண்டாம். எனக்கு ஒற்றை மேற்கோள்தான் பிடிக்கும், ஆனாலும் விட்டுவிட்டேன். நாலு பேரும் ஒரே பதிப்பை வைத்துக்கொள்ளுங்கள்; ஆண்டுக்கு ஒருமுறை பிளாக்கின் வடிவ விதிகள் சற்று மாறக்கூடும்.

அடுத்து, எல்லாருடைய எடிட்டரும் ஒரே உள்தள்ளலையும் வரி முடிவுக் குறியையும் பின்பற்றச் சொல்லும் '.எடிட்டர்கான்ஃபிக்' என்ற கோப்பு. திட்டத்தின் மேல் அடைவில் வையுங்கள்:

ரூட் = ட்ரூ
[*]
இன்டென்ட்_ஸ்டைல் = ஸ்பேஸ்
இன்டென்ட்_சைஸ் = 4
எண்ட்_ஆஃப்_லைன் = எல்எஃப்

விஎஸ் கோடு பயன்படுத்துகிறவர்கள் இதற்கான நீட்சியையும் நிறுவ வேண்டும்.

வரி முடிவுக் குறியைப் பிளாக்கிடம் விடாதீர்கள். கோப்பின் முதல் வரியில் எந்தக் குறி இருக்கிறதோ அதையே அது மற்ற வரிகளுக்கும் போடும். அதனால், நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவி படிக்கும் '.கிட்ஆட்ரிப்யூட்ஸ்' கோப்பில் இந்த வரி அவசியம் (எல்எஃப் என்பது விண்டோஸ் அல்லாத வரி முடிவுக் குறி):

* டெக்ஸ்ட்=ஆட்டோ இஓஎல்=எல்எஃப்

பிறகு, ஏற்கெனவே உள்ள கோப்புகளுக்கும் இது பொருந்த, 'கிட் ஆட் --ரீநார்மலைஸ் .' ஒருமுறை ஓட்டிக் கமிட் செய்யுங்கள், அதாவது மாற்றத்தைக் கிட்டில் பதியுங்கள்.

இப்போது பெரிய வேலை. பழைய நிரல் முழுவதையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டும். அதற்கு நாள் பார்த்துச் செய்யுங்கள். நாங்கள் தடைக்காலத்தில் செய்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, அவசரத் திருத்தம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பாதியில் நிற்கும் கிளைகளை (தனியாக நடக்கும் வேலைப் பிரதிகளை) முதலில் மெர்ஜ் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் மோதல் மேல் மோதல் வரும். அப்புறம்:

பிளாக் .

மாற்றுவதற்கு முன்னும் பின்னும் நிரலின் பொருள் ஒன்றுதானா என்று பிளாக் தானே சரிபார்க்கும், பயம் வேண்டாம். இந்த மாற்றத்தைத் தனிக் கமிட்டாகப் போடுங்கள். வேறு எந்தத் திருத்தத்தையும், ஒரு எழுத்துப் பிழையைக்கூட, இதோடு சேர்க்காதீர்கள்.

இனி யார் எந்த வரியை எழுதினார் என்று கிட் பிளேமில் பார்த்தால் எல்லாம் உங்கள் பெயரில் நிற்கும். கமிட்டின் முழு 40 எழுத்து அடையாளத்தை '.கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்' கோப்பில் எழுதிவிட்டு இதை ஓட்டினால் சரியாகும்:

கிட் கான்ஃபிக் பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல் .கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்

ஸ்குவாஷ் செய்து, அதாவது கமிட்டுகளை ஒன்றாக்கி, மெர்ஜ் செய்தால் அடையாளம் மாறிவிடும். முதன்மைக் கிளைக்குப் போனபின் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொருவரும் நினைவு வைத்து ஓட்டுவார்கள் என்று நம்ப முடியாது. கமிட்டுக்கு முன் தானாகச் சோதனை ஓட்டும் பிரீ-கமிட் கருவியை நிறுவி, பிளாக்கின் ஆவணப் பக்கத்தில் உள்ள அமைப்பு வரிகளை '.பிரீ-கமிட்-கான்ஃபிக்.யாம்ல்' கோப்பில் ஒட்டுங்கள். பிறகு நாலு பேரும் அவரவர் கணினியில்:

பிரீ-கமிட் இன்ஸ்டால்

இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். கமிட் அடித்ததும் 'ஃபெயில்டு' என்று வரும். எதுவும் கெட்டுப்போகவில்லை, பிளாக் உங்கள் கோப்பை மாற்றிவிட்டு, மாற்றத்தைப் பார்க்கச் சொல்லி நிற்கிறது. மறுபடி 'கிட் ஆட்', மறுபடி கமிட். இரண்டாம் முறை போய்விடும்.

'--நோ-வெரிஃபை' போட்டு இதைத் தாண்டவும் முடியும். ஆகவே, புஷ் செய்ததும் கிட்ஹப் தளமே சோதனை ஓட்டும் கிட்ஹப் ஆக்ஷன்ஸில் 'பிளாக் --செக் .' என்ற வரியையும் சேருங்கள். இது எதையும் மாற்றாது. வடிவம் பிசகியிருந்தால் சிவப்புக் குறி மட்டும் காட்டும். அது பச்சையாகும்வரை மெர்ஜ் பொத்தான் திறக்காதபடி முதன்மைக் கிளைக்குப் பாதுகாப்பு விதியும் போட்டுவிடுங்கள். சிவப்பு வந்தால் உங்கள் கணினியில் 'பிளாக் .' ஓட்டி, கமிட் செய்து, மறுபடி புஷ் செய்தால் போதும்.