பிஸ்கட் டின்னுக்குள் ஐந்து மாதக் குளிசை

போன கிழமை திருகோணமலை உப்புவெளியில் தெரிந்த ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தத் தம்பிக்கு நாற்பத்தெட்டு வயது. பிரஷர் என்று கண்டுபிடித்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. அலுமாரிக்கு மேலிருந்த பிஸ்கட் டின்னை இறக்கித் திறந்து காட்டினார். கிளினிக்கில் கொடுத்த கடதாசி உறைகள், ஐந்து மாதத்துக்குரியவை, மடிப்புக்கூடக் கலையாமல் கிடந்தன. "ஒண்டும் வீணாக்கேல்ல மிஸ். பிரஷர் நோர்மல்தானே, நிப்பாட்டிட்டன்."

திட்ட வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். இருபத்தாறு வருடம் கிளினிக்கில் மற்றவர்களின் கொப்பியில் பிரஷர் எழுதிய நான், நாற்பத்துநாலு வயதில் என் குளிசையை இதே காரணம் சொல்லி இரண்டு வருடம் விட்டவள். பிரஷர் விஷயத்தில் நாங்கள் விடும் பிழைகள் சில இவை.

நோர்மல் வந்ததும் நிறுத்துவது

கொப்பியில் இருக்கும் 124/80 குளிசை போட்ட உடம்பின் அளவு. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு சில நாளிலோ கிழமையிலோ பழைய இடத்துக்கே ஏறிவிடும். ஏறியது தெரியாது, அதுதான் வில்லங்கம். பக்கவாதத்துக்கு எல்லாரும் பயப்படுகிறார்கள். மறதிக்கு யாரும் பிரஷரைக் குற்றம் சொல்வதில்லை, வயதைத்தான் சொல்கிறார்கள். மூளையின் ஆழத்தில் ஓடும் நுண்ணிய குழாய்கள் அழுத்தம் தாங்கித் தாங்கித் தடித்து ஒடுங்குகின்றன. அதற்கப்பால் இரத்தம் குறைகிறது. ஆளுக்கே தெரியாமல் சின்னச் சின்ன அடைப்புகள் சேர்கின்றன. டிமென்ஷியா என்ற மறதி நோய்க்கு வேறு காரணங்களும் உண்டுதான். ஆனாலும் நாற்பது, ஐம்பது வயதில் கவனிக்காமல் விட்ட பிரஷர் பிற்காலத்தில் அந்த ஆபத்தைக் கூட்டுகிறது.

2025இல் வெளியான ஒரு சீன ஆய்வு எனக்குப் பிடிக்கும், அதில் வேலை செய்தவர்கள் எங்களைப் போன்றவர்கள் என்பதால். 326 கிராமங்கள், கிட்டத்தட்ட 34,000 பேர். பாதிக் கிராமங்களில் பயிற்சி பெற்ற கிராமத்துச் சுகாதார ஊழியர்களே மருந்தைச் சரிபார்த்து, வீட்டில் அளக்கப் பழக்கி, 130/80க்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள். நான்கு வருடத்தில் அந்தக் கிராமங்களில் டிமென்ஷியா மற்றவற்றைவிட 15 வீதம் குறைவு. புதிதாகக் கண்டுபிடித்த மருந்தெல்லாம் இல்லை, வழக்கமான பிரஷர் குளிசைகளைத் தேவைக்கேற்பக் கூட்டி, விடாமல் போட வைத்ததுதான்.

நிறுத்துகிறவர்கள் எல்லாரும் நோர்மல் என்று நிறுத்துவதில்லை, அதுவும் தெரியும். எனலாப்ரில் என்ற பிரஷர் குளிசை சிலருக்கு வறட்டு இருமல் தரும். அம்லோடிபின் என்ற இன்னொன்றுக்குச் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். சலம் கூடப் போகவைக்கும் குளிசையைக் கொழும்பு பஸ் ஏறும் நாளில் யார் போடுவார்கள்? நானே போட்டதில்லை. ஆனால் இதையெல்லாம் வைத்தியரிடம் சொன்னால் மருந்தை மாற்றுவார், நேரத்தை மாற்றுவார். சொல்லாமல் டின்னுக்குள் போட்டால், உங்களுக்கு மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து இன்னொன்றைச் சேர்ப்பார். அப்புறம் இரண்டையும் ஒன்றாகப் போடும் நாளில் தலை சுற்றும்.

தலை இடித்தால்தான் பிரஷர் என்பது

பெரும்பாலும் இடிக்காது.

கிளினிக் நாளில் வெறும் வயிறு, வெறும் குளிசைப் பெட்டி

சீனிக்கு இரத்தம் எடுக்கச் சாப்பிடாமல் வரச் சொன்னால், பிரஷர் குளிசையையும் விட்டுவிட்டு வருவார்கள். மூதூரிலிருந்து அவசரமாக வந்து, வரிசையில் சண்டை பிடித்து வந்தால், பிரஷர் 170 என்று காட்டும். பிரஷர் குளிசையைப் பொதுவாக ஒரு மிடறு தண்ணீரோடு போட்டுவிட்டு வரலாம். சீனிக் குளிசை, இன்சுலின் வேறு கதை, அதை முதலிலேயே கேட்டு வையுங்கள்.

வந்த மூச்சோடு அளப்பது

ஐந்து நிமிடம் சாய்ந்து இருங்கள். சலம் கழித்துவிட்டு வாருங்கள். கால் மேல் கால் வேண்டாம், கதை வேண்டாம், பட்டியைச் சட்டைக்கு மேல் சுற்றவே வேண்டாம். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் தரமும் பாருங்கள். பிளேன் டீ குடித்தால் அரை மணி கழியட்டும்.

கறியில் உப்பைக் குறைத்து, கருவாட்டைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடும் ஊறுகாயும் அதற்குள்தான்.

எண்பது வயதுக்காரரை நாற்பது வயதுக்காரராக நினைப்பது

எழும்பும்போது தள்ளாடினால், நிற்கவைத்தும் ஒருதரம் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மருந்தின் அளவைக் குறைப்பதா என்று வைத்தியர் சொல்லட்டும்.