டிவி யூனிட் செய்வதா, வாங்குவதா? அதற்கு முன் சுவரைத் தொட்டுப் பாருங்கள்

போன ஐப்பசியில் புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். சொந்த வீடு வாங்கிப் புதிதாகக் குடிவந்திருந்த கணவனும் மனைவியும் டிவி யூனிட் விஷயமாக யோசனை கேட்கக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போவதற்குள் வேலையே ஆரம்பித்துவிட்டது. ஹாலில் பிளைவுட் ஷீட்டுகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஆசாரித் தம்பி ஒருவர் சுவர் முழுக்கப் பென்சிலில் கோடு போட்டு, முதுகுப் பலகையைச் சுவரோடு ஒட்டி அடிக்க டிரில்லைக் கையில் எடுத்துவிட்டார்.

"இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன தம்பி?" என்றேன்.

"பாத்ரூம் அண்ணே."

பெயிண்ட் நன்றாகத்தான் இருந்தது. சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் டைல்ஸுக்கு மேலே உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்றிருந்தது. பத்து வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறு அது. அதனால்தான் இதை எழுதுகிறேன், கீழே வரும் தலைப்பு ஒவ்வொன்றும் ஒரு தவறு. நல்ல பிளைவுட் பாருங்கள், அளவைச் சரியாக எடுங்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், அதை விட்டுவிடுகிறேன்.

சுவரைப் பார்க்காமல் பலகை அடிப்பது

2014 சித்திரையில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டுக்கு டிவி யூனிட் செய்தேன். பத்தடி அகலம், ஹோம் தியேட்டருக்குத் தனித் தட்டு, கீழே நாலு டிராயர். முதுகுப் பலகை கண்ணுக்குத் தெரியாததுதானே என்று அதற்கு மட்டும் எம்.ஆர். என்ற சாதாரண ரகப் பிளைவுட் போட்டு, இடைவெளியே விடாமல் சுவரோடு அணைத்து அடித்தேன். மேலே மைக்கா ஒட்டி முடித்தபோது பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. கோடை என்பதால் சுவரும் காய்ந்துதான் இருந்தது. கோடையில் எந்தச் சுவரும் காய்ந்துதான் இருக்கும்.

2015 நவம்பர் மழையில் கடலூர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். மழை விட்டுச் சில வாரம் கழித்து அந்த வீட்டம்மா போன் செய்தார். "டிவிக்குப் பின்னாடியிலிருந்து ஏதோ புழுங்கின வாடை வருதுங்க, ஒரு தடவை வந்து பாருங்களேன்." போய்ப் பார்த்தேன். இடது கீழ்மூலையில் மைக்கா அப்பளம் போல உப்பியிருந்தது. உளியை விட்டு நெம்பினால், பிளைவுட் டீயில் முக்கின வறுக்கி மாதிரி அடுக்கடுக்காகப் பெயர்ந்து கையோடு வந்தது. உள்ளே தரையிலிருந்து டிவி பிராக்கெட் வரைக்கும் கரையான் மண்கோடு. பிராக்கெட் திருகுகள் துருவேறி, டிவியின் எச்.டி.எம்.ஐ. துளையில் பச்சை பூத்திருந்தது. முழுவதையும் கழற்றி என் கைக்காசில் மறுபடி செய்து கொடுத்தேன். 38,000 ரூபாய் ஆனது. அந்த வீட்டில் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்கு அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நடந்தது இதுதான். நம் பக்கத்துச் சுவர்களுக்கு மூன்று வழியில் ஓதம் ஏறுகிறது: அஸ்திவாரத்திலிருந்து மேலே, வெளிச்சுவர் விரிசல் வழியாக உள்ளே, பாத்ரூம் பக்கத்திலிருந்து குறுக்கே. திறந்து கிடக்கும் சுவர் அந்த ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அறைக்குள் விட்டுக் காய்ந்துகொள்ளும். நாம் அதன் மேல் பலகையை அடித்து, அதற்கும் மேல் மைக்கா ஒட்டி மூடிவிட்டால் ஈரம் போக இடமில்லை. எம்.ஆர். என்றால் தண்ணீரைத் தாங்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது காற்றில் இருக்கும் ஈரப்பதத்தைத்தான் தாங்கும், நனைந்துகொண்டே இருந்தால் பசை விட்டுவிடும். ஈரமும் இருட்டும் சேர்ந்த இடம் கரையானுக்குக் கேட்கவே வேண்டாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதற்கடுத்த மாதங்களில் நான் கழற்றிப் போட்ட யூனிட்டுகள் எல்லாமே சுவரோடு ஒட்டி அடித்தவைதான். கால் வைத்த ரெடிமேட் யூனிட்டைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்தவர்கள் தப்பித்தார்கள்.

ஆகவே ஆசாரியைக் கூப்பிடும் முன்பும், கடைக்குப் போகும் முன்பும் ஒரு வேலை செய்யுங்கள். இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாள் ஒன்றை, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு நாள் விடுங்கள். சுவரைத் தொடும் பக்கத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கத்தில் மட்டும் இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். முடிந்தால் மழைக்காலத்தில் செய்து பாருங்கள். ஸ்கர்ட்டிங்குக்கு மேலே பஞ்சு போல வெள்ளை உப்பு பூத்திருந்தால் இந்தச் சோதனையே தேவையில்லை.

சுவரில் ஓதம் இருந்தால் செய்யாதீர்கள். கால் வைத்த யூனிட் ஒன்றை வாங்கி, சுவரிலிருந்து இரண்டு இன்ச் தள்ளிப் போடுங்கள். பாத்ரூம் பக்கம் கசிவை அடைத்து, உப்புப் பிடித்த பூச்சைக் கொத்திப் புதிதாகப் பூசி, ஒரு மழைக்காலம் தாண்டிய பிறகு செய்வதைப் பற்றி யோசிக்கலாம். மேலே பெயிண்டை மட்டும் அடித்து மறைத்தால் அடுத்த மழையில் திரும்ப வரும்.

சுவர் காய்ந்திருந்து வீடும் சொந்தமானால் தாராளமாகச் செய்யலாம், சுவர் அளவுக்கும் தேவைக்கும் அதுபோல வராது. ஆனால் மரவாடியில் பிளைவுட்டில் ஐ.எஸ். 710 (நனைந்தாலும் தாங்கும் மரைன் ரகம்) என்று முத்திரை இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள், முதுகுப் பலகைக்கும் அதுதான். சுவரில் முதலில் கரையான் மருந்தடித்த முக்கால் இன்ச் ரீப்பரை, அதாவது மெல்லிய மரச்சட்டத்தைச் செங்குத்தாக அடித்து, அதன் மேல் பலகை வர வேண்டும். மேலும் கீழும் காற்று போக வழி விடுங்கள். கழற்றி மாட்டும்படி திருகு போடச் சொல்லுங்கள், அதுவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு. கடற்காற்றில் சாதாரணத் திருகு எத்தனை நாள் தாங்கும் என்று கடலூர்க் கடற்கரைத் தேவனாம்பட்டினத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வாடகை வீட்டில் செய்வது

வேண்டாம். வாங்குங்கள்.

இன்றைய டிவிக்குக் குழி வெட்டுவது

43 இன்ச் டிவியின் திரை அகலம் சுமார் 95 சென்டிமீட்டர். 55 இன்ச் என்றால் 122, 65 இன்ச் என்றால் 144. இன்று இருக்கும் 43-க்கு அளவெடுத்துச் சுற்றிலும் பெட்டி கட்டிவிட்டால், அடுத்த டிவி வாங்கும்போது யூனிட்டை உடைக்க வேண்டும். நடுவில் ஐந்தடி வெற்றுப் பலகையாக விடுங்கள். அலமாரியெல்லாம் கீழேயும் ஓரத்திலும் இருக்கட்டும்.

ஆம்ப்ளிஃபையரை அடைத்து வைப்பது

ஹோம் தியேட்டர் ரிசீவரோ ஆம்ப்ளிஃபையரோ பின்னால் வயர் மடங்கும் இடத்தோடு சேர்த்தால் 16, 17 இன்ச் ஆழம் கேட்கும். கடையில் கிடைக்கும் யூனிட்டுகள் பல அதைவிடக் குறைவு. வாங்கப் போகும்போது கையில் அளவு டேப் இருக்கட்டும். மேலே ஒரு சாண் காலியாக விடுங்கள், பின்பக்கம் திறந்திருக்கட்டும். அப்புறம், மரக்கதவைத் தாண்டி சாதாரண ரிமோட் வேலை செய்யாது.

ஒரு இன்ச் பைப்

டிவி வயரை மறைக்க ஒரு இன்ச் பைப் போட்டால், எச்.டி.எம்.ஐ. வயரின் தலை அதில் வளைவு திரும்பாது. இரண்டு இன்ச் பைப்பை நேராகப் போடுங்கள்.

டிவியை உயரத்தில் மாட்டுவது

சோஃபாவில் உட்கார்ந்தால் உங்கள் கண் எங்கே இருக்கிறதோ, திரையின் நடு அங்கே.

சதுர அடி விலையை மட்டும் ஒப்பிடுவது

ரெடிமேட் யூனிட்டில் பெரும்பாலும் மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டுதான் இருக்கும். விலை குறைவு, ஆனால் வீடு துடைக்கும் தண்ணீர் பட்டாலே அடிவிளிம்பு ஊதிவிடும். அதனால்தான் கால் உள்ளதாகப் பாருங்கள் என்கிறேன், நாலு இன்ச்சாவது வேண்டும். செய்யும் வேலைக்குச் சதுர அடி விலை சொல்வோம். அது முன்பக்கத்துக்கு மட்டுமா, உள்தட்டுகளுக்கும் சேர்த்தா, கீல், டிராயர் சேனல், லைட் எல்லாம் அதில் அடக்கமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்டால் எந்த ஆசாரியும் கோபித்துக்கொள்ள மாட்டார். கேட்காமல் விட்டால்தான் கடைசி நாளில் இரண்டு பேருக்கும் மனஸ்தாபம்.

லாஸ்பேட்டை வீட்டில் அன்றைக்கே பாலித்தீன் ஒட்டினோம். மூன்றாம் நாள் காலையில் அந்த ஆசாரித் தம்பியே போட்டோ எடுத்து அனுப்பினார், தாளின் உள்பக்கம் முழுக்க நீர்த்துளி. ஷீட்டுகளை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள், படுக்கையறை அலமாரிக்கு ஆகும். ஹாலுக்குக் கால் வைத்த யூனிட் ஒன்று வாங்கியாயிற்று. பாத்ரூம் டைல்ஸைப் பொங்கல் கழித்துப் பெயர்க்கிறார்கள்.