மிச்சத்தை வேறு பாட்டிலில் ஊற்றாதீர்கள்

வீடுகளில் மிஞ்சிக் கிடக்கும் பூச்சிமருந்து, ஆசிட், தின்னர் போன்றவற்றைப் பிரித்து அகற்றும் வேலையைப் பல வருடங்களாகச் செய்கிறேன். புதிதாக வருகிறவர்கள் நான் அன்றைக்கு அடித்த கூத்தையே அப்படியே திரும்ப அடிக்கிறார்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைப்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

வேறு பாட்டிலுக்கு மாற்றுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. டப்பாவில் கால்வாசிதான் இருக்கிறது, இடத்தை அடைக்கிறது என்று காலித் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிவிடுவார்கள். நானும் தின்னரை அப்படி ஊற்றி வைத்தவன்தான். பார்க்க அச்சு அசல் தண்ணீர். வெயிலில் வந்த தம்பி எடுத்து வாய் வரைக்கும் கொண்டுபோய்விட்டான். நெடிதான் காப்பாற்றியது.

குடித்துவிட்டால் அடுத்த சிக்கல். தின்னர், மண்ணெண்ணெய் உள்ளே போனவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வெளியே வரும்போது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். என்ன மருந்து, எவ்வளவு வீரியம் என்று டாக்டர் கேட்பார். பதில் இருந்தது லேபிளில். அது பழைய டப்பாவோடு குப்பைக்குப் போயிருக்கும். எங்களிடம் வந்தாலும் பெயரில்லாத பாட்டிலை மிக மோசமான விஷமாகவே நினைத்துக் கையாள வேண்டும். சோதித்துப் பார்க்கும் செலவு தனி.

இன்னும் மோசம், இரண்டு மிச்சங்களை ஒன்றாக்குவது. பிளீச்சும் கழிப்பறை ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. பிளீச்சோடு அம்மோனியா கலந்த கிளீனர் சேர்ந்தால் குளோரமைன் வாயு. இரண்டுமே விஷம். "ரெண்டுமே கிளீனர்தானே அண்ணா" என்று ஒரு பையன் மூடியைத் திறந்துகொண்டே கேட்டான். நான் போட்ட சத்தத்தில் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டான்.

சாக்கடையில் ஊற்றுவது

செப்டிக் டேங்கில் வேலை செய்யும் பாக்டீரியா செத்துப்போகும். மிச்சம் நிலத்தடி நீருக்குப் போகும்.

காலி டப்பாவை எரிப்பது

கூடாது. புகையும் விஷம். ஸ்ப்ரே டப்பா வெடிக்கும்.

லித்தியம் பேட்டரியைக் குப்பையில் போடுவது

நசுங்கினால் தீப்பிடிக்கும். முனைகளில் டேப் ஒட்டித் தனியாகக் கொடுங்கள்.

பெரிய டப்பா வாங்குவது

மூன்று கரப்பானுக்கு ஒரு லிட்டர் மருந்து எதற்கு? முதலில் சிந்திய சாப்பாட்டைத் துடைத்து, ஓட்டையை அடைத்துப் பாருங்கள். வாங்கிவிட்டீர்கள், மிஞ்சிவிட்டது என்றால் தீர்ப்பதற்காகக் கூடுதலாக அடிக்காதீர்கள். தடைசெய்த மருந்தாக இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் தேவையா என்று கேளுங்கள். சரி என்றால் கொடுங்கள், அதன் சொந்த டப்பாவிலேயே.