லிண்டாவ் துறைமுகத்தின் இரு கலங்கரை விளக்கங்களைப் பார்ப்பது எப்படி?

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து என மூன்று நாடுகள் சூழ்ந்திருக்கும் போடன்சே ஏரியின் கிழக்கு ஓரத்தில், ஒரு சிறு தீவின்மேல் ஜெர்மனியின் பழைய லிண்டாவ் நகரம் அமைந்திருக்கிறது. அதன் துறைமுகத்தில் பழையதும் புதியதுமாக இரண்டு கலங்கரை விளக்கங்கள், சில நிமிட நடைத் தொலைவில் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. வருபவர்களில் பலர் கரையில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கப்பலில் வருபவர்களுக்காகக் கட்டப்பட்டதை ஒரு முறையாவது கப்பலில் இருந்து பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். பயணத்தை அதற்கேற்பத் திட்டமிடுவது நல்லது.

சூரிச்சிலிருந்தோ மியூனிக்கிலிருந்தோ விரைவு ரயிலில் வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2020 டிசம்பர் முதல் அந்த ரயில்கள் நிலப்பகுதியில் உள்ள லிண்டாவ்-ரொய்ட்டின் நிலையத்தில்தான் நிற்கின்றன. அங்கிருந்து உள்ளூர் ரயிலில் தீவில் உள்ள லிண்டாவ்-இன்செல் நிலையத்துக்கு வந்தால், துறைமுகம் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் வாழும் நம்மவர்கள் இந்தப் பாதையில் ஆஸ்திரியாவைக் கடந்தே ஜெர்மனிக்குள் நுழைகிறார்கள் என்பதால், வதிவிட அட்டையையும் கடவுச்சீட்டையும் கையோடு கொண்டுவர வேண்டும். சில்லறையாகக் கொஞ்சம் யூரோவும் இருக்கட்டும்.

முதலில் பழையதைப் பாருங்கள். படகுத்துறையின் நடுவில், வண்ண ஓடுகள் வேய்ந்த கூர்மையான கூரையோடு சதுர வடிவில் நிற்கும் மாங்டுர்ம் கோபுரம் சுமார் 20 மீட்டர் உயரம் கொண்டது. இடைக்காலத்தில் நகர மதிலின் காவல் கோபுரமாக எழுந்த இது, 1856 வரை கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்டது. பக்கத்தில் இருந்த துணி மெருகிடும் கூடத்தின் பெயரே கோபுரத்துக்கும் ஒட்டிக்கொண்டது. இங்கே சற்று நின்று ஏரியைப் பார்த்தால், துறைமுகம் பின்னாளில் கோபுரத்துக்கு முன்னே நீண்டு வளர்ந்திருப்பது புரியும். புதிய விளக்கம் ஏன் தேவைப்பட்டது என்பதும் விளங்கும். 1850களில் ரயில் பாதை தீவுக்குள் வந்தபோது, அப்போது லிண்டாவை ஆண்ட பவேரிய அரசு துறைமுகத்தையும் விரிவாக்கியது. 1853 முதல் 1856 வரை நடந்த அந்தப் பணியில்தான் புதிய கலங்கரை விளக்கமும் எதிரே உள்ள சிங்கச் சிலையும் எழுந்தன.

புதிய விளக்கம் துறைமுக வாயின் மேற்குப் புறத்தில், அலைத்தடுப்புச் சுவரின் முனையில் நிற்கிறது. உயரம் 33 மீட்டர். நகரைப் பார்த்த முகத்தில் பெரிய கடிகாரம் ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. கலங்கரை விளக்கத்தில் கடிகாரம் இருப்பது அரிது. பருவத்தையும் வானிலையையும் பொறுத்தே மேலே ஏற அனுமதிக்கிறார்கள் என்பதால், கதவு திறந்திருப்பதைக் கண்டால் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் ஏறிவிடுங்கள். மொத்தம் 139 படிகள். ஏறுபவரும் இறங்குபவரும் ஒரே படிக்கட்டில் ஒதுங்கி வழிவிட வேண்டியிருப்பதால் பெரிய முதுகுப்பை தொல்லையாகும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருந்துவிடுவது நல்லது. மழை விட்ட மறுநாள் தெற்கே ஆல்ப்ஸ் மலைகள் கைக்கெட்டும் தொலைவில் இருப்பதுபோல் தெரியும்.

உச்சியில் முதலில் எண்ணெய்தான் எரிந்தது. பிறகு மண்ணெண்ணெயும் எரிவாயுவும் வந்தன. 1936இல் மின்விளக்கு வந்தது. 1990களின் தொடக்கத்திலிருந்து, கப்பல்கள் வானொலி அலை வழியாகக் கேட்கும்போது மட்டுமே விளக்கு எரிகிறது. கலங்களைக் கரைவது, அதாவது அழைப்பது, என்பதால்தான் நம் மொழியில் இதற்குக் கலங்கரை விளக்கம் என்று பெயர். லிண்டாவிலோ இப்போது கலம்தான் விளக்கை அழைக்கிறது.

துறைமுக வாயின் கிழக்குப் புறத்தில், யோஹான் ஹால்பிக் வடித்த 6 மீட்டர் உயரச் சிங்கம் அமர்ந்திருக்கிறது. அது ஏரியைப் பார்த்து அமர்ந்திருப்பதால், கரையில் நிற்பவருக்கு முதுகும் பிடரியும்தான் கிடைக்கும். முகத்தைப் பார்க்கக் கப்பல் ஏறியாக வேண்டும். பருவகாலத்தில் ஆஸ்திரியாவின் பிரெகென்ஸ் நகரிலிருந்து பயணிகள் கப்பல்கள் வருகின்றன. அங்குவரை ரயிலில் போய், லிண்டாவுக்குக் கப்பலில் திரும்புவதே என் பரிந்துரை. துறைமுகம் நெருங்குவதற்கு முன்பே மேல்தளத்தின் முன்பக்கத்துக்குப் போய் நின்றுகொள்ளுங்கள். இடப்புறம் விளக்கம், வலப்புறம் சிங்கம், இரண்டுக்கும் நடுவே மாங்டுர்மின் கூரை என்று எல்லாம் ஒரே பார்வையில் அமைவது சில நொடிகளுக்குத்தான். பிறகு கப்பல் உள்ளே நுழைந்துவிடும்.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு சொல். கரையிலிருந்து துறைமுக வாயைப் பார்ப்பது தெற்கே பார்ப்பதாகும் என்பதால், நண்பகலில் விளக்கம் வெறும் கரிய நிழலாகவே பதியும். கோடைக்கால மாலையில்தான் கடிகார முகத்தில் வெளிச்சம் விழும்.

கரையோரங்களில் செம்மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு ஒளிர்ந்தால் அதையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 40 முறை மின்னினால் பலத்த காற்று வரக்கூடும் என்று பொருள். 90 முறை மின்னினால் புயல் எச்சரிக்கை. வாடகைப் படகில் இருப்பவர்கள் முதல் எச்சரிக்கையிலேயே கரை திரும்ப வேண்டும். அலைத்தடுப்புச் சுவரின் முனையில் நிற்பவர்களும் உள்ளே நகர்ந்துவிட வேண்டும்.