கேஜன், கிரியோல் சாப்பாடு தேடுறவங்க ஏமாறுற இடங்கள்

அமெரிக்காவுல எந்த ஊர் ஹோட்டல்ல போய் உக்காந்தாலும் மெனுல எங்கயாவது ‘கேஜன்’னு, அதாவது லூசியானா மாநிலத்து கிராமத்துச் சமையல் பேர், ஒட்டிக்கிட்டு இருக்கும். கேஜன் ஃப்ரைஸ், கேஜன் சிக்கன் பாஸ்தா, கேஜன் பர்கர்னு. அதுல முக்காவாசி இடத்துல மிளகாப்பொடியும் பூண்டுப்பொடியும் மேல தூவியிருப்பாங்க, அவ்ளோதான் விஷயம். லண்டன் கறி ஹவுஸ்ல ‘மெட்ராஸ்’னு ஒரு குழம்பு குடுப்பாங்களே, சென்னைல யாருமே கேள்விப்படாதது, அந்தக் கதைதான் இதுவும். சியாட்டில்லயோ சிகாகோலயோ இருந்துக்கிட்டு லூசியானா சாப்பாடு தேடுறவங்க திரும்பத் திரும்ப மாட்டிக்கிற இடங்கள் சிலது இருக்கு.

முதல் தப்பு, பெரிய தப்பும் இதுதான், காரத்தை வச்சு எடை போடுறது. ஒரு வாய் வச்சிட்டு “காரமே இல்லையே, இது கேஜனே இல்ல”ன்னு சொல்றவங்க நம்மாளுங்கள்லயே நிறைய பேர். அங்க ஊர்ல சமையல் காரத்துல நிக்கல, காரம் வேணும்னா டேபிள்ல ஹாட் சாஸ் பாட்டில் இருக்கும், ஊத்திக்க வேண்டியதுதான். அடிப்படை வெங்காயம், செலரி, பச்சை குடைமிளகாய் மூணும், அப்புறம் ரூ. ரூன்னா மைதாவை எண்ணெய்ல போட்டு கை எடுக்காம கிளறிக்கிட்டே சாக்லேட் கலர் வர்ற வரைக்கும் வறுக்குறது, மெதுவா செஞ்சா அரை மணி, முக்கால் மணிகூட ஆகும், நடுவுல ஃபோன் வந்துச்சுன்னு திரும்பினீங்கன்னா கருகி கறுப்புப் புள்ளி விழுந்துடும், மொத்தத்தையும் கொட்டிட்டு மறுபடி முதல்லேர்ந்து. இந்த வேலைக்கு பயந்துதான் பல கடைல சோளமாவைக் கரைச்சு ஊத்தி கெட்டியாக்கிடுறாங்க. ரூ எவ்ளோ கறுக்குதோ அவ்ளோ அதோட கெட்டியாக்குற சக்தி குறையும், அதனால கோழியும் ஆண்டூயி சாசேஜும் (புகை போட்ட பன்னி சாசேஜ்) போட்ட நல்ல கேஜன் கம்போ, அதாவது சாதத்தோட சாப்பிடுற குழம்பு, பார்க்க கொஞ்சம் தண்ணியாதான் இருக்கும், கரும்பழுப்பா, வறுத்த வாசனையோட. கூழ் மாதிரி வந்தா எனக்கு சந்தேகம் வந்துடும்.

கேஜனும் கிரியோலும் ஒண்ணுன்னு நினைக்கிறது அடுத்தது. 1755-லேர்ந்து பிரிட்டிஷ்காரங்க நோவா ஸ்கோஷியா பக்கத்துலேர்ந்து பிரெஞ்சு பேசுற அகேடியன் ஜனங்களை விரட்டி விட்டாங்க, அதுல ஒரு பகுதி பேர் சில வருஷம் கழிச்சு தெற்கு லூசியானா வந்து சதுப்பு நிலத்துலயும் புல்வெளிலயும் குடியேறினாங்க. அவங்க சமையல்தான் கேஜன், கிராமத்துச் சமையல், பன்னி, கோழி, ஒரே சட்டி. கிரியோல் நியூ ஆர்லியன்ஸ் டவுன் சமையல், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஆப்பிரிக்க, கரீபியன் கை எல்லாம் அதுல இருக்கு, தக்காளி, வெண்ணெய் தாராளமா போகும். அதனால ஜம்பலாயா (கறி, சாசேஜ் போட்ட ஒரே சட்டி சாதம்) சிவப்பா வந்தா போலி, பழுப்பா வந்தாதான் ஒரிஜினல்னு சண்டை போட வேண்டாம், ரெண்டும் ஒரிஜினல்தான். செக் பண்ண வேண்டியது வேற, அரிசி அந்தக் கறிச்சாறுலயே சேர்ந்து வெந்திருக்கணும். வெறும் சாதம் வடிச்சு மேல சாஸ் ஊத்தி நீட்டினா அது ஜம்பலாயா இல்ல.

‘பிளாக்கண்ட்’ மீனை (மசாலா தடவி சூடான இரும்புச் சட்டில மேல கறுக்க வாட்டுனது) பாரம்பரியம்னு நம்புறதும் உண்டு. அது ஆப்பிலூசாஸ்ல பிறந்த பால் ப்ருடோம் 1979-ல நியூ ஆர்லியன்ஸ்ல திறந்த கே-பால்ஸ் ஹோட்டல் வழியா உலகம் பூரா பரவுனது. அந்த மோகத்துல ரெட்ஃபிஷ் மீனே குறைஞ்சு போய் 1980-கள்ல பிடிக்க கட்டுப்பாடு போட வேண்டியதாயிடுச்சு. நல்லா இருக்கும், சாப்பிடுங்க, ஆனா அதை வச்சு ஒரு கடைய அளக்காதீங்க.

சீசன் பார்க்காம போறது இன்னொண்ணு. க்ராஃபிஷுக்கு (குட்டி லாப்ஸ்டர் மாதிரி இருக்குற நன்னீர் உயிரி) நல்ல காலம் பிப்ரவரி, மார்ச்லேர்ந்து மே வரைக்கும். அக்டோபர்ல “ஃப்ரெஷ் க்ராஃபிஷ்”னு போர்டு வச்சிருந்தா எங்கேர்ந்து வருதுன்னு கேளுங்க, பெரும்பாலும் ஃப்ரோசன்தான். எட்டூஃபேக்கு (க்ராஃபிஷ் போட்டு வச்சு சாதத்து மேல ஊத்துற கெட்டிக் குழம்பு) சீனாலேர்ந்து வர்ற உரிச்ச வால்சதை வாங்கினா மலிவு, ஆனா கழுவி வர்றதுல அந்த மஞ்சள் கொழுப்பு இருக்காது, ருசியே அதுலதானே இருக்கு. லூசியானா பாக்கெட்டான்னு கேக்குறதுல வெக்கம் எதுக்கு? அதே சமயம் ஹூஸ்டன் வியட்நாமிய கடைங்களைப் பார்த்து “இதெல்லாம் ஒரிஜினல் இல்ல”ன்னு ஒதுக்குறதும் தப்பு. 1975-க்கு அப்புறம் வியட்நாம்லேர்ந்து வந்தவங்க நிறைய பேர் மெக்சிகோ வளைகுடாக் கரைல இறால் பிடிக்கிற தொழிலுக்குப் போனாங்க, க்ராஃபிஷ் அவங்களுக்கும் பழக்கமாச்சு. லூசியானால மசாலாவை வேக வைக்கிற தண்ணில போடுவாங்க, இவங்க வெந்தப்புறம் பூண்டு வெண்ணெய்ல புரட்டிக் குடுக்குறாங்க. வேற ருசி, நேர்மையான ருசி.

அலங்காரத்தைப் பார்த்து உள்ள போறவங்களுக்கு: மார்டி கிரா (நியூ ஆர்லியன்ஸ் திருவிழா) மணிமாலை, முதலைத் தலை, ஜாஸ் பாட்டு எல்லாம் ஆன்லைன்ல கிடைக்கும். அதுக்குப் பதிலா லூசியானா ஜனங்க எங்க போய் குடியேறினாங்கன்னு பாருங்க. ரிஃபைனரி வேலைக்கு டெக்சாஸ் போர்ட் ஆர்தர், போமான்ட் பக்கம் போனாங்க, ரெண்டாம் உலகப்போர் சமயம் லாஸ் ஏஞ்சலஸ், ஓக்லாந்துன்னு போனாங்க, 2005 கத்ரீனா புயலுக்கு அப்புறம் ஹூஸ்டன், அட்லாண்டா. அந்த ஏரியால சின்ன கடை, சர்ச்ல விக்கிற கம்போ, இதெல்லாம் பெரிய ரெஸ்டாரன்டை அடிச்சிடும். மெனுல பூடான் (சாதம் கலந்த பன்னி சாசேஜ்), டாஸோ (மசாலா தடவி புகை போட்ட பன்னிக்கறி), ரைஸ் அண்ட் கிரேவி, திங்கக்கிழமை ரெட் பீன்ஸ், மிர்லிட்டன் (நம்ம சௌசௌதான், இறால் வச்சு அடைப்பாங்க) இதுல ரெண்டு மூணு இருந்தா அடுப்படில ஊர்க்காரங்க இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. போ-பாய்க்கு (லூசியானா சாண்ட்விச்) பிரெட் முக்கியம், மேல மெலிசா நொறுங்கணும், உள்ள பஞ்சா இருக்கணும், சாதா சப் ரோல்ல வந்தா அது வறுத்த இறால் சாண்ட்விச்.

சைவக்காரங்க ரெட் பீன்ஸை நம்பி ஆர்டர் பண்ணிடாதீங்க, பெரும்பாலும் பன்னிக்கறி போட்டுதான் வேக வைப்பாங்க. கீரை கம்போவும் அப்படித்தான், பேர்ல மட்டும் கீரை, உள்ள பல சமயம் நாலஞ்சு வகைக் கறி கிடக்கும்.

எதுவுமே கிட்டத்துல இல்லன்னா லூசியானா கடைங்கள்லேர்ந்தே பூடான், ஆண்டூயி எல்லாம் ஐஸ் பெட்டில பேக் பண்ணி வீட்டுக்கு அனுப்புறாங்க. ஷிப்பிங் சாசேஜ் விலையத் தாண்டிடும், அதனால நாலு குடும்பமா சேர்ந்து ஒரே ஆர்டரா போடுங்க, ஃப்ரீசர்ல இடம் இருக்கான்னு மட்டும் முதல்லயே பார்த்துக்கோங்க.